மூக்குக்கு வைத்த பொட்டு

வெரோனிக்கா அக்கா யாரையும் பெயர் சொல்லித் திட்டியதில்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒரே வசவு வைத்திருந்தாள். பஸ் தாமதமானால், "இந்த பஸ்ஸுல இடி விழ." கேன்டீனில் சம்பல் தீர்ந்துபோனால், "அவன் சட்டியில இடி விழ." சாயம் கலக்கும் இயந்திரம் மக்கர் பண்ணினால் அதற்கும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசையில் உட்கார்ந்து நற்கருணை வாங்குகிறவள், மாதாகோயில் வாசலில் வழியை மறித்து எவனாவது கெரேத்தாவை, அதாவது காரை, நிறுத்தியிருந்தால் அங்கேயே ஒரு இடியை இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்வாளா என்று ஒருமுறை கேட்டேன். "அது பாவம் இல்ல, பேச்சு" என்றாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் எங்கள் தொழில். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் விமான நிலைய வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது எங்கள் பட்டறை. விமானங்களின் மூக்கைப் பழுது பார்க்கிறோம். இடி விழுந்தாலும் அந்த மூக்கு தாங்க வேண்டும் என்பதற்காகத்தான் எங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். காலையிலிருந்து மாலைவரை இடியைக் கூப்பிடுகிற ஒருத்தியை அந்த இடத்தில் சாயம் பூச வைத்திருந்தார்கள்.

விமானத்தின் உடம்பு உலோகம். இடி விழுந்தால் தோலோடு ஓடி வால் பக்கமாக வெளியேறிவிடும், உள்ளே இருப்பவர் காப்பியைக்கூடச் சிந்த மாட்டார். மூக்கு அப்படி இல்லை. அதற்குள்ளே ரேடார் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் மழை மேகம் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. முன்னால் உலோகத்தை வைத்தால் அதற்குக் கண் தெரியாது. அதனால் மூக்கை மட்டும் கண்ணாடி இழையில் செய்து மாட்டுகிறார்கள். 'ரேடோம்' என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. நாங்கள் மூக்கு என்றுதான் சொல்வோம். கண்ணாடி இழையில் இடி விழுந்தால் ஓட்டை போட்டுக்கொண்டு நேராக ரேடாரிடம் போய்விடும். அதைத் தடுக்க மூக்கின் நுனிப் பக்கத்திலிருந்து பின்விளிம்புவரை மெல்லிய உலோகப் பட்டைகள் ஒட்டியிருக்கும். வருகிற இடி அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடி, விளிம்பில் இருக்கும் ஆணி வழியாக உடம்பில் இறங்கிப் போய்விடும்.

பட்டை ஒட்டுவது நான். சாயம் பூசுவது வெரோனிக்கா அக்கா. அவளிடம் இரண்டு சாயம் உண்டு. ஒன்று கரி கலந்த கறுப்பு. காற்று உரசி மூக்கில் சேரும் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டைக்குக் கடத்துவது அதுதான். அதை மெல்லிசாக, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பூச வேண்டும். அதன் மேல் வெள்ளை. பட்டையின் மேல் மட்டும் எந்தச் சாயமும் படக் கூடாது.

கடைசியில் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, மீட்டர் வைத்துப் பார்த்து முத்திரை குத்துபவர் புவனேஸ்வரன். அவர் நடந்து வந்தால் படிப்பு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். "அக்கா, இடிங்கிறது சத்தம். விழுறது மின்னல்" என்று பல வருடங்களாகத் திருத்திக்கொண்டிருந்தார்.

"மின்னல் விழன்னு திட்டினா திட்டுன மாதிரியா இருக்கு? கல்யாணத்துக்கு லைட்டு போட்ட மாதிரி இருக்கு" என்பாள் அக்கா.

இந்த அக்காவின் மகள் நிக்கோல் விமானப் பணிப்பெண் ஆனாள்.

அக்காவின் புருஷன் வின்சென்ட் அண்ணன் எங்கள் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். வீட்டில் பேசும் பொறுப்பை மொத்தமாக மனைவியிடம் ஒப்படைத்துவிட்டவர். அவரே வாய் திறந்து, "பாப்பா ஆசைப்படுது, விடேன்" என்றார். அக்கா விடவில்லை. ஓட்டை விழுந்து வந்த மூக்குகளை அவள் கையால் தடவியிருக்கிறாள். கருகிய நாற்றம் அவளுக்குத் தெரியும். அந்த விமானங்கள் எல்லாமே பத்திரமாக இறங்கியவைதான் என்று நான் எடுத்துச் சொன்னேன். இறங்காத விமானத்தின் மூக்கை எவன் பழுது பார்க்க அனுப்புவான் என்று கேட்டாள்.

நிக்கோல் தாய்க்குத் தப்பாமல் பிறந்தவள். பிடிவாதமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அக்காவின் வாயில் இடி விழுவது நின்றது. மகள் மேலே பறந்துகொண்டிருக்கும்போது எந்த இடி எங்கே போய் விழும் என்று யார் கண்டது? ஆனால் திட்டாமலும் அவளால் இருக்க முடியவில்லை. "மழை விழ" என்று முயன்று பார்த்தாள். யாரும் மதிக்கவில்லை. "சட்டி கவுற" என்றாள், கேன்டீன்காரன் சிரித்தான். எங்கள் முதலாளி இக்மல் மலாய்க்காரர். இத்தனை வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் 'இடி விழ'. இயந்திரம் நின்றால் அவரே அதை அழகாகச் சொல்வார். அவரையும் சொல்ல விடாமல் அக்கா வாயைப் பொத்தச் சொன்னாள். பட்டறை மாதாகோயில் மாதிரி ஆகிவிட்டது.

நிக்கோல் சீருடையில் எடுத்த படத்தை மாதாகோயில் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். கெலுகோரில் எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டிலிருந்து மேல்வீடுவரை பார்த்தார்கள். "அப்பா, என்னா அழகு. கண்ணு பட்டுரும் போல" என்று ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான். அக்கா மை டப்பாவைத் தேடி எடுத்தாள். வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஒரு பக்கம், திருஷ்டிக்குக் கறுப்புப் பொட்டு இன்னொரு பக்கம். எங்கள் ஊர் கத்தோலிக்கர்களுக்கு இரண்டும் ஒரே பீரோவில்தான் இருக்கும்.

நிக்கோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மா, கம்பெனி ரூல் லா. முகத்துல ஒரு புள்ளி இருக்கக் கூடாது. மச்சத்தையே மறைக்கச் சொல்றாங்க."

"சின்னதா வைக்கிறேன்டி. கன்னத்தோரமா."

"மா, என்னை வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. பேசாம இரு."

அக்கா பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் எதையோ யோசிக்கிறாள் என்று அர்த்தம். அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

கொஞ்ச நாளில் நிக்கோலின் நிறுவனத்திலிருந்தே ஒரு மூக்கு பழுதுக்கு வந்தது. பறவை மோதிய காயம். பழுது பார்த்தோம், பட்டை ஒட்டினேன், அக்கா கறுப்பு பூசி வெள்ளை பூசினாள். குளித்துப் பவுடர் போட்ட குழந்தை மாதிரி அது மரத் தாங்கியில் உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கேன்டீனுக்குப் போனோம். அக்கா மட்டும் வரவில்லை. கறுப்புச் சாய டப்பாவின் அடியில் கெட்டியாக மிச்சம் இருந்ததை விரல் நுனியில் தொட்டு, மூக்கின் இடது கன்னத்தில், கீழே, விளிம்பை ஒட்டிப் பட்டைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தாள். கூடவே ஓர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். மகள் முகத்தில் வைக்க முடியாததை, மகளைச் சுமக்கப்போகிறதன் முகத்தில் வைத்தாள். இதெல்லாம் பிறகு அவள் வாயால் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

புவனேஸ்வரன் மறுநாள் பரிசோதித்தார். மூக்கின் விளிம்பில் ஆணிகளின் மேல் நாங்களே கறுப்புப் பசை வைப்பது வழக்கம். அந்தப் பொட்டையும் பசை என்றே நினைத்துக்கொண்டார். முத்திரை குத்தினார். மூக்கு வேலிக்கு அந்தப் பக்கம் போய் விமானத்தில் ஏறியது.

அக்கா அந்த வாரம் முழுக்க சந்தோஷமாக இருந்தாள். எனக்கு ரொட்டி சானாய் வாங்கித் தந்தாள். நான் என்னமோ ஏதோ என்று வாங்கித் தின்றேன்.

பிறகு ஒரு காலையில் வேறொரு நிறுவனத்தின் மூக்கு வந்து இறங்கியது. இடி விழுந்த மூக்கு. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. உள்ளே அடுக்கு அடுக்காக உரிந்து, ஓரமெல்லாம் தீய்ந்திருந்தது. ரேடார் செத்துவிட்டதாம், விமானம் மழைக்குள் தடவிக்கொண்டே இறங்கியதாம். இக்மல் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஓட்டையைச் சுற்றிப் பளபளவென்று ஏதோ ஒட்டியிருந்தது.

புவனேஸ்வரனுக்கு வாய்ப்பு கிடைத்தால் விடுவாரா? பேனாவால் சுட்டிக் காட்டி ஆரம்பித்தார். "பாருங்க. பட்டை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எவனோ பண்டிகைக்கு வாழ்த்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். ஜிகினா ஸ்டிக்கர். உலோகத் தூள் இருக்கு அதுல. இடி பட்டைய விட்டுட்டு இங்க வந்து ஏறிருச்சு."

தன்னை மறந்து அவரும் 'இடி' என்றதை நான் மட்டும் கவனித்தேன். அக்கா கவனிக்கவில்லை. அவள் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, உலோகம் இருந்தாதான் அப்படி வருமா?" என்று கேட்டாள்.

"கரண்ட்ட கடத்துற எதுவா இருந்தாலும் ஆபத்துதான் அக்கா."

"கரி?"

"கரியும் கடத்தும். அதனாலதான் உங்க கறுப்பு சாயத்த மெல்லிசா, சமமா பூசச் சொல்றோம். ஒரே இடத்துல கெட்டியா அப்பி வெச்சா, வா ராசா இங்கதான்னு கூப்பிட்ட மாதிரி."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெயில் தாங்கவில்லை போல என்று தண்ணீர் கொண்டு வந்தேன். அதற்குள் அவள் கைப்பேசி சத்தம் போட்டது. நிக்கோல் படம் அனுப்பியிருந்தாள். விமானத்தின் முன்னால் நின்று இரண்டு விரலைக் காட்டிச் சிரிக்கிற படம். இன்னும் கொஞ்ச நேரத்தில் பினாங்கிலிருந்து கிளம்புகிறோம், வேலிப் பக்கம் வந்து கையாட்டு என்று எழுதியிருந்தாள். அக்கா படத்தை விரலால் பெரிதாக்கினாள். மகளின் முகத்தைத் தாண்டி, தோளைத் தாண்டி, பின்னால் இருந்த மூக்கைப் பெரிதாக்கினாள். இடது கன்னத்தில், கீழே, மங்கலாக ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

"தனு, அது நான் வெச்சது" என்றாள் என்னிடம்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வானத்தைப் பார்த்தேன். பாலிக் புலாவ் மலைக்குப் பின்னால் வானம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. தீவில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் அந்த நிறம் தெரியும். கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிற நிறம் அது.

அக்கா நிக்கோலைக் கூப்பிட்டாள். மகள் கைப்பேசியை அணைத்துவிட்டிருந்தாள். மறுபடியும் கூப்பிட்டாள். பிறகு இக்மலின் அறையைப் பார்த்து நடந்தாள். புவனேஸ்வரன் குறுக்கே வந்தார். நான் அவரிடம் அவசரமாக விஷயத்தைச் சொல்லித் தொலைத்திருந்தேன், அது என் வாய்.

"அக்கா, நில்லுங்க. யோசிப்போம். சின்ன பொட்டு. அஞ்சு காசு அளவுகூட இருக்காது. ஒண்ணும் ஆகாது."

"இப்பதான் வா ராசான்னு சொன்ன?"

"அது ஒரு பேச்சுக்கு லா. அக்கா, முத்திரை குத்தினது நான். ஒங்க வேலையும் போகும், என் வேலையும் போகும்."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. படிப்பெல்லாம் எங்கோ பின்னால் போய், ஆள் மட்டும் முன்னால் நின்றார்.

"ஒண்ணும் ஆகாதுன்னு என் புள்ள தலைய தொட்டுச் சொல்லுவியா?" என்று கேட்டாள் அக்கா.

புவனேஸ்வரனால் பொய் சொல்ல முடியவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது, அன்று ஒரு நாள் மட்டும்.

இக்மல் அறையில் நடந்தது ஒரு கூத்து. திருஷ்டியை மலாயில் விளக்க அக்காவிடம் வார்த்தை இல்லை. "பொஸ், நான் மூக்குக்குப் பொட்டு வெச்சுட்டேன்" என்று மலாயில் தொடங்கினாள். 'பொட்டு' என்பது மட்டும் தமிழாகவே நின்றது. இக்மல் விழித்தார். எந்த மூக்குக்கு என்று தன் மூக்கைத் தொட்டுக் கேட்டார். அக்கா ஜன்னல் வழியாக ஓடுபாதையைக் காட்டினாள். எதற்கு என்று கேட்டார். அழகாக இருந்தது, கண் பட்டுவிடும் என்று பயந்தேன் என்றாள். அவரும் ஜன்னல் வழியாக ஓடுபாதையைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார். எடுக்கும்போது மெதுவாக, தெளிவாக, தனக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொன்னார். அக்கா இந்த முறை வாயைப் பொத்தச் சொல்லவில்லை.

விமானம் நின்றது. ஏறி உட்கார்ந்த பயணிகளை எல்லாம் மறுபடியும் கீழே இறக்கினார்கள். ஏணி கொண்டு வந்தார்கள், மஞ்சள் சட்டைக்காரர்கள் மூக்கைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவர்களைப் பார்த்தோம். அந்த நேரத்தில் மழை வந்தது. ஓடுபாதையின் அந்தக் கோடியில் வெள்ளைக் கோடு ஒன்று சரேலென்று இறங்கியது, சத்தம் பட்டறையின் தகரக் கூரையை ஆட்டியது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். விமானம் தரையில் நனைந்துகொண்டு நின்றது.

மழை கொஞ்சம் விட்டதும் நிக்கோல் கூப்பிட்டாள். அக்காவின் கைப்பேசிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, பக்கத்தில் நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"மா. எவளோ ஒரு ஆண்ட்டி மூக்குக்குப் பொட்டு வெச்சிட்டாளாம். ஏர்போர்ட்டே சிரிக்குது. நீதானே?"

அக்கா கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"நூறு பேரு என்னைத் திட்டுறாங்க மா. ஒரு தாத்தா என் மேல தண்ணி பாட்டில எறியறாரு. நான் சிரிச்சிக்கிட்டே சாரி சொல்லணும், அது என் வேலை. ஏன் மா இப்படி பண்ற? ஒன் தலையில இடி விழ."

பெண் அந்த வசவைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. தாயின் குரல் அச்சு அசலாக அப்படியே இருந்தது.

"என் தலையில விழட்டும்டி" என்றாள் அக்கா. "ஒன் பக்கம் வராம இருந்தா சரி."

அழைப்பு துண்டானது. புவனேஸ்வரன் மழையைப் பார்க்கிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொட்டைத் துடைத்து, சோதித்து, சாயங்காலம்தான் விமானம் கிளம்பியது. பட்டைகளுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பொட்டுக்கு இடி வந்திருக்குமா வந்திருக்காதா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, பெரிய எஞ்சினியர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று இக்மல் நெடுநேரம் தலையைச் சொறிந்தார். கடைசியில் 'மனிதத் தவறு' என்று போட்டார். தாய்மார்களுக்கென்று தனியாக ஒரு கட்டம் இல்லை.

யார் வேலையும் போகவில்லை. தானே வந்து சொன்னதால் அக்கா பிழைத்தாள். ஆனால் சாயம் பூசும் உரிமையைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது அக்கா பழைய சாயத்தைத் தேய்த்து எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். முகமூடி போட்டு வேலை செய்வதால் என்ன திட்டுகிறாள் என்று கேட்பதில்லை. புவனேஸ்வரனை மறுபடியும் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். பாடம் நடத்தியே பழகியவரைப் பாடம் கேட்க உட்கார வைத்தது கொடுமைதான். நான் ரசித்தேன்.

நிக்கோல் வீட்டுக்கு வந்தாள், போனாள். தாயோடு பேசவில்லை. அக்கா மகளுக்குப் பிடித்த இறால் சம்பல் செய்து மேஜையில் வைப்பாள். மகள் தின்றுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துப் போய்விடுவாள். வின்சென்ட் அண்ணன் நடுவில் உட்கார்ந்து மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசாமல் இருந்தார்.

ஒரு காலையில் பஸ்ஸுக்கு அக்காவைக் கூப்பிடப் போனேன். கதவு திறந்திருந்தது. நிக்கோல் சீருடையில், கொண்டை போட்டு, உதட்டுச் சாயம் பூசி, முகத்தில் ஒரு புள்ளி இல்லாமல் நின்றாள். அக்கா அடுப்படியில் நின்று, பார்க்காத மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிக்கோல் வாசல்வரை போனாள். பிறகு செருப்பு அடுக்கின் மேல் உட்கார்ந்து, இடது சப்பாத்தைக் கழற்றினாள். காலுறையையும் உருவினாள். காலை நீட்டி உள்ளங்காலைக் காட்டினாள்.

"இங்க ரூல் கிடையாது" என்றாள். "சீக்கிரம் வை மா. அப்பா கத்துவாரு."

அவர் எங்கே கத்தினார். அக்கா ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் மை டப்பாவை எடுத்து வந்தாள். தரையில் உட்கார்ந்து, மகளின் குதிகாலை மடியில் வைத்து, உள்ளங்காலின் நடுவில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தாள். அழவும் செய்தாள், அதை மறைக்கவில்லை.

"மையில என்ன மா இருக்கு? கரிதானே?" என்று கேட்டாள் நிக்கோல். கிண்டல்தான்.

"கரிதான். அதுக்கென்ன, காலு தரையிலதானே இருக்கு. வந்தாலும் தரைக்குள்ள போயிரும்." இத்தனை வருடம் பட்டறையில் கேட்டதை அக்கா ஒப்பித்தாள்.

"நான் தரையில நிக்கப்போறது இல்லயே மா."

அக்கா மை காயட்டும் என்று ஊதினாள். காய்ந்த பிறகும் காலை விடவில்லை. கீழே வின்சென்ட் அண்ணன் ஹார்ன் அடித்தார். நிக்கோலும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.